வரப்பில் கழற்றிய பூட்ஸ்

மரியே வாழ்க
6 ஜூலை 2025

அன்புள்ள எல்சி அக்காவுக்கு,

தம்பி அருள்பிரகாஷ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே சுகம். நீயும் சவரிராஜ் மாமாவும் அம்மாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வந்து இறங்கியதுமே எல்லாருடைய போனையும் ஒரு பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கூட்டுப் பயிற்சி முடிகிற வரைக்கும் கடிதம்தான். எந்த இடம், எந்த நாட்டுப் படை என்றெல்லாம் எழுதக் கூடாது. மழை விடாத மலையடிவாரம், வந்திருப்பவர்கள் குதிரையும் ஆடும் வளர்க்கிற தேசத்துக்காரர்கள், இவ்வளவு தெரிந்தால் உனக்குப் போதும்.

எங்களில் ஒருவருக்கு அவர்களில் ஒருவர் என்று ஜோடி சேர்த்திருக்கிறார்கள். என் ஜோடியின் பெயர் எர்லான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் சேர்த்தால்கூட ஒரு ஆளுக்குக் காணாது. தினமும் காலையில் ஜோடியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அவன் இரண்டு நெல் மூட்டை கனம். ஒரு சுற்று வருவதற்குள் எனக்குக் கண் இருட்டுகிறது. அவன் என்னைத் தூக்கினால் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். ஆனால் கயிறு ஏறுவதில் நான்தான் முதல். புழுக்கத்தில் அவன் வதங்கிவிடுகிறான், நமக்கு இதெல்லாம் சித்திரை மாதத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

வழியில் நடவு முடிந்த வயல் ஒன்றைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தண்ணீருக்குள் எதற்குப் புல் வளர்க்கிறீர்கள் என்று கேட்டான். அவன் ஊரில் நெல்லே கிடையாதாம். நேற்று நீ தட்டு நிறையச் சாப்பிட்டாயே, அதுதான் இது என்றேன். ரொம்ப நேரம் நின்று பார்த்தான்.

பயிற்சி முடிவில் நன்றாகச் செய்கிற சிலரை அவர்கள் நாட்டுப் பனிமலைக்கு அனுப்புவார்களாம். எனக்கு அதில் ஆசை இருக்கிறது, வேண்டிக்கொள்.

நம் வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டதா? கடிதத்தை உன் சுகாதார நிலையத்து முகவரிக்கே போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் அம்மா தபால்காரரையே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லித் தெரு முழுக்கக் கேட்க வைப்பாள்.

உன் தம்பி,
அருள்பிரகாஷ்

மரியே வாழ்க
17 ஜூலை 2025

அன்புத் தம்பி அருளுக்கு,

அக்காவின் ஆசீர். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதம் இருந்த அளவுக்கு இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தண்ணீர் வந்தது, குறுவை நட்டாயிற்று. நடவு மேஸ்திரி பஞ்சநதத்தின் ஆட்கள்தான் நட்டார்கள். அம்மா வரப்பிலேயே நின்று, நாற்றைத் தள்ளித் தள்ளி நடுகிறார்கள் என்று நாள் முழுக்கச் சண்டை. பஞ்சநதம் கையெடுத்துக் கும்பிட்டு, தாயே வீட்டுக்குப் போங்கள் என்று கெஞ்சினார். மாமாவுக்கு இப்போது வேலை இல்லை. அறுப்பு மெஷினைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு வந்து என் துண்டைத்தான் நாசம் செய்கிறார்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் உன்னோடு ஓடித்தான் மாளவில்லை. ஆள் எடுப்புக்கு நீ வாய்க்கால் ரோட்டில் ஓட, நான் பின்னால் சைக்கிளில் வந்தேனே, அதைச் சொல்கிறேன். எர்லான் சைவமா, அசைவமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பருப்புப் பொடி அனுப்புகிறேன், அவனுக்கும் கொடு.

பனிமலைக்கு உன் பெயர் வரும். மாதாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்பு அக்கா,
எல்சி

மரியே வாழ்க
31 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அவ்வாறே என எண்ணுகிறேன். பருப்புப் பொடி வந்தது. எர்லான் அதை டீயில் போட்டுக் குடித்துப் பார்த்தான்.

மழை அதிகம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒரு விஷயம் கேட்டுச் சொல். வயலில் இறங்குவதற்கு முன்னால் நாம் செருப்பை ஏன் வரப்பிலேயே கழற்றிப் போடுகிறோம்? அம்மாவைக் கேள், மாமாவைக் கேள், பஞ்சநதத்தையும் கேள். சீக்கிரம் எழுது.

அருள்

மரியே வாழ்க
10 ஆகஸ்ட் 2025

அன்புத் தம்பிக்கு,

மாதா உன்னைக் காப்பாளாக. வீட்டில் நலம், என் ஒருத்தியைத் தவிர. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நீ கேட்டபடி எல்லாரையும் கேட்டேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு வார் அறுந்துபோகும், அதுதான் என்றார் மாமா. என் அப்பா கழற்றினார், நானும் கழற்றுகிறேன் என்றார் பஞ்சநதம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வயல்ல யாராச்சும் செருப்போட எறங்குவாங்களா? கேக்குறான் பாரு கேள்வி” என்றாள். அவ்வளவுதான் பதில். ஒன்று கவனித்தேன். சங்கிலிச் சக்கரத்தோடு மெஷினையே வயலுக்குள் ஓட்டுகிற மாமா, கீழே இறங்கும்போது செருப்பைக் கேபினிலேயே விட்டுவிட்டு இறங்குகிறார். கேட்டால், அப்படியா செய்கிறேன் என்கிறார்.

இப்போது என் கேள்வி. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஓட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஒரு நாள் ஓடாவிட்டால் சோறு இறங்காதவன் நீ. படுத்துக்கொண்டு எழுதுகிறாய். செருப்பைப் பற்றிக் கேட்கிறாய்.

எந்தக் கால்? குத்தியது ஆணியா, கண்ணாடியா, மூங்கிலா? டி.டி. ஊசி போட்டார்களா? சீழ் வைத்ததா? நான் நர்ஸ், என்னிடம் நடிக்காதே. அம்மாவுக்குச் சொல்ல மாட்டேன்.

எல்சி

மரியே வாழ்க
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் மறைக்க நினைத்தது என் தப்பு. இடது கால். மூங்கில் முளை. ஊசி போட்டார்கள். சீழ் வைத்து, இரண்டு தடவை கீறிச் சுத்தம் செய்தார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. பயப்படாதே.

நடந்ததை எழுதுகிறேன். ஜோடி ஜோடியாக முழுச் சுமையோடு மலையிலிருந்து இறங்கி, யார் கண்ணிலும் படாமல் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். பரீட்சைகளிலேயே அதுதான் பெரியது. நாங்கள் இருவரும் முன்னணியில் இருந்தோம். குறுக்கே ஒரு வயல் வந்தது. நட்டு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், நாற்று இன்னும் பச்சை பிடிக்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை அக்கா. வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, கயிற்றால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எர்லானும் கழற்றிக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய ஆள், நாற்றுக்கு நடுவே ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தான். பாதி தூரத்தில், யாரோ எப்போதோ வேலிக்கு அடித்து, சேற்றுக்குள் ஒடிந்து நின்ற மூங்கில் முளை என் பாதத்தில் ஏறிவிட்டது.

எர்லான் இரண்டு பேர் சுமையையும் மாட்டிக்கொண்டு, என்னையும் தோளில் போட்டுக்கொண்டு, மீதி வயலைத் தாண்டி ஆற்றங்கரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தான். தினமும் காலையில் விளையாட்டுப் போலச் செய்தது அன்றைக்கு நிஜமாகிவிட்டது. அவன் இல்லாவிட்டால் ரத்தம் எவ்வளவு போயிருக்குமோ. அவனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை.

இப்போது விசாரணை. பரீட்சை நடுவே பூட்ஸைக் கழற்றியது ஏன் என்று கேட்கிறார்கள். என் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் என்னை இந்தப் படையிலிருந்து எடுத்துப் பழைய ரெஜிமென்ட்டுக்கே திருப்பி அனுப்பலாம். இந்தப் படையின் தொப்பிக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எர்லான் ஒரு காரியம் செய்திருக்கிறான். தண்ணீரில் சத்தம் வராமலிருக்க, பூட்ஸைக் கழற்றச் சொன்னதே தான்தான் என்று அதிகாரிகளிடம் சொல்லிவிட்டான். அவன் சொன்னதை நம்பிவிட்டால் நான் தப்பித்தேன். நாளை மறுநாள் என்னைக் கேட்பார்கள்.

உன் பதில் அதற்குள் வராது. ஆனாலும் எழுது.

அருள்

29 ஆகஸ்ட் 2025

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

சவரிராஜ் மாமா எழுதுவது. நலம், நலத்துக்குக் கோருகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் கடிதம் வந்த அன்று உன் அக்கா டூட்டி முடிந்து வந்து அதை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். மறுநாள் காலை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் நம் ரோட்டில் வந்தது. காவிப் புடவையைச் சுற்றிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிட்டாள். அதுவும் வெறுங்காலோடு. போன வருஷம் நடந்து வந்தவர்களுக்கெல்லாம் காலில் கட்டுப் போட்டுவிட்டு, “செருப்பு போட்டு நடந்தா மாதா கோவிச்சுக்குமா?” என்று திட்டியவள் இவள்தான். கொடியேற்றத்துக்கு இன்று போய்ச் சேர்ந்துவிட்டாள். வெள்ளியில் ஒரு கால் வாங்கிக் காணிக்கை வைத்தாளாம். கால் இரண்டும் கொப்புளம், போனில் குரலே சரியில்லை. நாளை நான் வண்டியில் போய் அழைத்து வருகிறேன். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, எனக்குச் சோறு கிடைக்காது.

அம்மாவிடம் பொதுவான வேண்டுதல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு முன்னால் உனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள், அதை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் மாமா,
சவரிராஜ்

[உள்ளே வைத்த சீட்டு]

அருள், அந்த நல்ல பிள்ளை சொன்னதை அப்படியே விட்டுவிடு. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நீ பெரிய அரிச்சந்திரனாக வேண்டாம். எனக்கு நீ அந்தத் தொப்பியோடு வேண்டும். – எல்சி

மரியே வாழ்க
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கடிதமும் உன் சீட்டும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. எல்லாரும் நலம் என்று அறிந்தேன். நலமில்லாததையும் அறிந்தேன், யார் சொன்னார் என்று கேட்காதே. கொப்புளத்தை உடைக்காதே என்று ஊருக்குச் சொல்கிறவளுக்கு நான் என்ன சொல்ல?

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் அக்கா. எர்லான் சொல்லவில்லை, நானாகத்தான் கழற்றினேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். நட்ட வயல் சார் என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உன் கடிதத்தில் இருந்த பதில்களும் உதவவில்லை.

பனிமலைக்குப் போகிறவர்களிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்புவதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் முழு உடல் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு வருத்தம் அதில் இல்லை. எனக்காக ஒருவன் சொன்ன வார்த்தையை எல்லார் முன்னாலும் பொய் என்று ஆக்கிவிட்டேன். அவன் அதிகாரிகள் அவனை என்ன கேட்டார்களோ. கடைசி நாள் அணிவகுப்பு முடிந்ததும் ஜோடிகள் எல்லாரும் ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துத் தொப்பியை மாற்றிக்கொண்டார்கள். நான் கம்பை ஊன்றிக்கொண்டு மைதானத்தின் இந்தப் பக்கம் நின்றேன். எர்லான் அந்தப் பக்கம் லாரியில் உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கிக் காட்டினான். இறங்கி வரவில்லை. லாரி போய்விட்டது. ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை.

போனைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், இதெல்லாம் போனில் பேச முடியாது. கடிதமே எழுதுவோம்.

அருள்

மரியே வாழ்க
28 செப்டம்பர் 2025

அன்புத் தம்பி அருளுக்கு,

என் கால் ஆறிவிட்டது. உன் மாமாவுக்கு இரண்டு நாள் ரசம்தான் போட்டேன். அம்மா சுகம். சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம்.

நீ உண்மையைச் சொன்னது சரி. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொள்.

புண் மேலே மூடினாலும் உள்ளே ஆற நாளாகும். முதலில் நட, பிறகு வேகமாக நட, பிறகு ஓடு. முதலில் சுமையைத் தூக்காதே. வலி வந்தால் நிறுத்து. வீராப்பை அங்கே காட்டாதே. டவலைக் கால்விரலால் சுருட்டிப் பழகு, தசை திரும்பும்.

எர்லானுக்காக ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்குக் கொடுத்தேன். அவன் நம் வேதமில்லையே என்று கொஞ்சம் தயங்கினேன். “நன்றி சொல்றதுக்கு வேதம் பாக்கணுமா? பேரச் சொல்லும்மா” என்றார் சாமியார். பீடத்தில் அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்தபோது கோயிலில் எல்லாரும் யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தம்பியைச் சுமந்து வந்த தோள் அது, என் கூடப்பிறந்தவனாகவே அவனை நினைக்கிறேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான் என்று நீயாக முடிவு கட்டாதே. நேரில் சொல்ல முடியாத நன்றியை எழுதிச் சொல். மொழி தெரிந்தவர் யாராவது உங்கள் படையில் இருப்பார் அல்லவா?

அன்பு அக்கா,
எல்சி

மரியே வாழ்க
2 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகமா? இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதினால் ஓடினாயா என்று கேட்பாய், அக்டோபரில் பாதி நாள் என்னால் ஓட முடியவில்லை. அதனால்தான்.

இப்போது எழுதலாம். தேறிவிட்டேன். முதுகில் சுமையோடு விடியற்காலையில் கிளம்பி மத்தியானம் வரை ஓட்டம். கடைசி மேட்டில் இடது கால் எரிந்தது. நீ சைக்கிளில் பின்னால் வருவதாக நினைத்துக்கொண்டேன், மணி அடித்துக்கொண்டே, திட்டிக்கொண்டே. கயிற்றில் ஏறி இறங்கியதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அங்கே நிறையப் பேர் அழுவார்கள். தொப்பி என்னிடமே இருக்கிறது அக்கா. உனக்கும் மாதாவுக்கும் நன்றி. டவலுக்கும்தான்.

எர்லானுக்கு எழுதினேன். மொழி தெரிந்த ஹவில்தார் அப்சர் அண்ணன் எழுதித் தந்தார். மூன்று கேள்வி கேட்டிருந்தேன். போன வாரம் பதில் வந்தது.

எனக்காக ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, நீ லேசான ஆள், சுமப்பது கஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறான். நீ எதற்குப் பூட்ஸைக் கழற்றினாய் என்று கேட்டதற்கு எழுதியது இது: எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலில் முன்னே போகிறவன் பூட்ஸைக் கழற்றினால் பின்னே வருகிறவனும் கழற்றுவான். நீ கழற்றியதும், யார் வீட்டுக்குள்ளேயோ போகிறோம் என்று நினைத்தேன்.

விசாரணையில் நான் சொல்லத் தெரியாமல் நின்றது இதுதான். நெல்லையே பார்க்காதவன் சொல்லிவிட்டான்.

அன்றைக்கு லாரியிலிருந்து ஏன் இறங்கவில்லை என்றும் கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

அருள்

மரியே வாழ்க
14 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். உன் கடிதத்தைச் சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டி மிட்டாய் கொடுத்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அன்று சாயங்காலம் அம்மாவை வயலுக்குக் கூட்டிப் போய் முழுக் கதையையும் சொன்னேன். சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து கேட்டாள். மூங்கில் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எர்லான் சொன்ன வீட்டு வாசல் கதையைக் கேட்டதும், “பின்ன, வீடு இல்லாம?” என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டாள். “அதே வயல்ல வெறுங்காலோட, ரெண்டு மூட்ட, இவன் வேற. சொமந்துட்டு வந்த அந்தப் புள்ள கால்ல ஒண்ணும் குத்தலயாடி?”

அருள், எனக்கு நர்ஸ் என்று பெயர். நான்கு மாதமாக உன் காலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினேன். இதை நான் ஒரு தடவை கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. உடனே கேள்.

எல்சி

மரியே வாழ்க
11 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கும் மாமாவுக்கும் உனக்கும் பொங்கல் வாழ்த்து. நான் நலம்.

அப்சர் அண்ணன் எர்லானின் நம்பரை வாங்கித் தந்தார். அவரையே பக்கத்தில் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு வீடியோவில் பேசினோம். தாடி வைத்திருக்கிறான். அம்மா கேட்டதை அப்படியே கேட்டேன். அவன் சாக்ஸைக் கழற்றி, வலது காலைத் தூக்கி கேமரா முன்னால் காட்டினான். குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் தழும்பு.

தெரிந்தால் விசாரணை பெரிதாகும் என்று யாரிடமும் சொல்லாமல், துணியை இறுக்கிக் கட்டி அதன் மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டானாம். அணிவகுப்பில் நின்றதே பெரிது. லாரியிலிருந்து இறங்கி என்னிடம் நடந்து வந்திருந்தால் நொண்டுவது தெரிந்திருக்கும். அவன் கோபித்துக்கொண்டான் என்று நான் நான்கு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. போனில் எனக்கு நன்றி என்று சொல்லவே வரவில்லை. அவன்தான் சிரித்துவிட்டு, பருப்புப் பொடி இருக்கிறதா என்று கேட்டான்.

அறுப்பு முடிந்ததும் லீவில் வருகிறேன். நாம் எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில். வெள்ளியில் இன்னும் ஒரு கால் வாங்க வேண்டும். கடையில் இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். அவன் கால் என்னுடையதைவிட ரொம்பப் பெரியது.

உன் தம்பி,
அருள்பிரகாஷ்